மணலில் ஓடும் விரல்: பெர்னார்ட் டீக்கனின் மாலெகுலாக் களக்குறிப்புகளில் வரைதல் என்னும் ஆய்வுமுறை

தென் பசிபிக்கில் உள்ள வனுவாட்டு நாட்டின் மாலெகுலாத் தீவில், எலி சீமைப்பலாக்காய் தின்ற கதையைத் தரையில் விரலால் போட்டுக் காட்டும் ஒரு மணல்வரைவு உண்டு. முதலில் காய் முழுதாக, முறைப்படி, விரலை எடுக்காமல் போடப்படுகிறது. அடுத்து அந்த விரல், ஏற்கெனவே போட்ட கோடுகளில் சிலவற்றின் மேலேயே மறுபடியும் ஓடுகிறது. அது எலி காயைத் துளைத்துக்கொண்டு போகும் வழி. அந்த வழியை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் கையால் அழித்துவிட்டால், எலி தின்றது போக மிச்சப் பாதி மட்டும் மணலில் நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் அங்கே வந்து நிற்பவருக்குக் கண்ணில் படுவது ஓர் அரைகுறைப் படம்தான். அதைப் புகைப்படம் எடுத்தால் கிடைப்பதும் அதுவே. எலி எங்கே நுழைந்தது, எந்தக் கோட்டின் மேல் விரல் இரண்டாம் முறை போனது, எது அழிந்தது என்ற மூன்றும் தெரியாவிட்டால் கதையே இல்லை. இந்த வரைவு இன்றைக்கு நமக்குப் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அதைப் பதிவு செய்த இளைஞர் படத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகாமல் விரல் போன வரிசையையும் குறித்துக்கொண்டதுதான். மானிடவியலில் வரைதல் என்பதைப் புத்தகத்துக்கு அழகு சேர்க்கும் விளக்கப்படம் என்று கருதாமல் ஓர் ஆய்வுமுறையாகக் கருத வேண்டும் என்று வாதிடுபவர்கள் பல எடுத்துக்காட்டுகளைக் காட்டுகிறார்கள். என் பார்வையில் அவற்றுள் மிகவும் உறுதியானது, அந்த வாதம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, 1926ஆம் ஆண்டில் நடந்துவிட்ட இந்த நிகழ்வுதான்.

களமும் ஆளும்

ஆர்தர் பெர்னார்ட் டீக்கன் 1903ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரான நிக்கோலாயெவில், ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், டோரஸ் நீரிணை ஆய்வுப் பயணத்தை 1898இல் நடத்திய ஆல்ஃபிரட் ஹாடன். உறவுமுறைகளைக் கேட்டுக் கொடிவழிப் படமாக எழுதும் முறையை மானிடவியலுக்குத் தந்த ரிவர்ஸ் 1922இல் இறந்துவிட்டபோதிலும், அவர் விட்டுச்சென்ற கேள்விகள் கேம்பிரிட்ஜில் உயிரோடுதான் இருந்தன. அந்தக் கேள்விகளையும் சுமந்துகொண்டு, 1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டுவந்த நியூ ஹெப்ரிடீஸ் (இன்றைய வனுவாட்டு) தீவுக்கூட்டத்துக்கு டீக்கன் வந்து சேர்ந்தார். மாலெகுலாவின் தென்மேற்கு விரிகுடாவில் தங்கி, செனியாங் பகுதி மக்களிடையே பெரும்பாலான வேலையைச் செய்தார்.

தொற்றுநோய்கள் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. தாம் கேட்டு எழுதுவது ஒரு வாழ்க்கையின் கடைசிச் சொற்கள் என்ற எண்ணம் டீக்கனை விடாமல் வாட்டியது. ஆனால் முந்திக்கொண்டு போனவர் அவர்தான். களப்பணியை முடித்துக்கொண்டு, சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியர் ராட்க்ளிஃப்-பிரவுனின் கீழ் விரிவுரையாளர் பணியில் சேரப் புறப்படவிருந்த வேளையில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் கண்டு, 1927ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அந்தத் தீவிலேயே இறந்துபோனார். வயது 24.

அவர் விட்டுச்சென்ற தாள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு கமில்லா வெட்ஜ்வுட் என்ற மானிடவியலாளருக்கு வந்தது. மாலெகுலாவைத் தாம் பார்த்திராத நிலையில், இன்னொருவர் தமக்காக மட்டும் அவசரத்தில் கிறுக்கி வைத்த குறிப்புகளிலிருந்து ஒரு பெரிய நூலையும், மணல்வரைவுகளைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையையும் அவர் உருவாக்கினார். இரண்டும் 1934இல் வெளிவந்தன. கட்டுரையில் மாலெகுலா, அம்பிரிம் முதலிய தீவுகளைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு வரைவுகள் இருந்தன. எழுதியவர் உயிரோடு இல்லாதபோது அவருடைய களக்குறிப்பில் எது பிழைக்கிறது என்ற கேள்விக்கு இந்த வெளியீடு தற்செயலாக அமைந்த ஒரு சோதனை என்றே நான் நினைக்கிறேன். ஒரு சடங்கைப் பற்றி அரைவரியில் எழுதி வைத்த குறிப்பை, அதை எழுதியவர் வந்து விரித்துச் சொன்னாலன்றி வேறொருவரால் முழுமையாக்க முடியாது. வரிசை எண் இட்ட ஒரு கோட்டை மட்டும், பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு 1, 2, 3 என்று யாரும் பின்தொடரலாம்.

நிட்டுஸ்: விரல் கற்ற விதி

செனியாங் மக்கள் இந்த வரைவுகளை நிட்டுஸ் என்றார்கள். இன்றைய வனுவாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில் இதற்கு சான்ட்ரோயிங் என்று பெயர். மணலையோ எரிமலைச் சாம்பலையோ மண்தரையையோ தட்டிச் சமன்படுத்தி, முதலில் குறுக்கும் நெடுக்குமான கோடுகளாலோ வரிசையான புள்ளிகளாலோ ஒரு சட்டகம் போடுவார்கள். அதன்பின் ஒற்றை விரல் அந்தச் சட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஓடத் தொடங்கும். நடுவில் விரலை எடுக்கக் கூடாது. போன கோட்டின் மேலேயே திரும்பவும் போகக் கூடாது. முடிந்தவரை தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேர்ந்த வரைவைச் சுவோன் என்று குறிப்பிட்டார்கள். எலியும் சீமைப்பலாக்காயும் வரும் வரைவில் விரல் பழைய கோட்டின் மேல் மறுபடி போகிறதே என்றால், அந்த விதிமீறல்தான் அங்கே கதை. விதியை அறிந்தவர்கள் கூடி நிற்கும் இடத்தில்தான் மீறலுக்குப் பொருள் உண்டாகிறது.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் டீக்கன் இவ்வளவு பக்கங்களை இதற்கு ஒதுக்கியிருப்பாரா என்பது ஐயமே. செனியாங் மக்களின் நம்பிக்கையில், இறந்தவரின் ஆவி வியெஸ் என்னும் மறுவுலகை நோக்கி நடக்கிறது. வழியில் ஒரு பாறையருகே தெமெஸ் சவ்சப் என்ற பெண் ஆவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் தரையில் நஹல், அதாவது பாதை, என்ற வரைவு முழுமையாகப் போடப்பட்டிருக்கிறது. இறந்தவர் போக வேண்டிய வழி அந்த வரைவின் இரு பாதிகளுக்கும் நடுவே போகிறது. ஆவி நெருங்கி வரும்போது அவள் ஒரு பாதியை அழித்துவிடுகிறாள். உயிரோடு இருந்த காலத்தில் அந்த வரைவைக் கற்றுக்கொண்டவர் அழிந்த பாதியைப் போட்டு முடித்து நடுவே நடந்து போய்விடுவார். கற்காதவருக்கு வழி கிடைக்காது, அவள் அவரைத் தின்றுவிடுவாள்.

இந்த நம்பிக்கையை ஆய்வுமுறை சார்ந்த ஒரு கூற்றாகவும் படிக்கலாம். நஹலை ஒருவர் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் தெமெஸ் சவ்சப்பின் முன்னால் அந்தப் பார்வை உதவாது. அவள் கேட்பது, மிச்சமிருக்கும் பாதியிலிருந்து அழிந்த பாதியைக் கை கொண்டுவருமா என்பதைத்தான். அறிவு எங்கே தங்கியிருக்கிறது என்பதில் அந்த மக்களுக்கு இருந்த தெளிவு, அவர்களைப் பதிவு செய்ய வந்தவருக்கும் ஒரு கட்டாயத்தை உண்டாக்கியது. முடிந்த உருவத்தைப் பார்த்து வரைந்துகொண்டு போனால் அவர்கள் அறிவு என்று எதைக் கருதினார்களோ அதைக் கைவிட்டதாக ஆகும்.

எண்ணிட்ட கோடு

டீக்கன் செய்தது சொல்வதற்கு எளிய காரியம். பல வரைவுகளில், கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும், விரல் அதைக் கடந்த வரிசைப்படி எண் இட்டார். செய்வதற்கு அது எளிதன்று. பழகிய கை மணலில் வேகமாக, தயங்காமல் ஓடும். கோடு தன்னைத் தானே பல இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுமுனையிலும் விரல் நேரே போனதா, திரும்பியதா என்று கவனித்து எழுத வேண்டுமானால், வரைபவரை மறுபடி போடச் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தச் சொல்ல வேண்டும், எழுதியதைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பார்ப்பவர் வரைபவரின் வேகத்துக்குள் நுழையாமல் இந்தப் பதிவு உண்டாகாது. வரைதலை ஆய்வுமுறை என்று சொல்வதற்கு எனக்குத் தென்படும் முதல் காரணம் இதுவே. பார்வைக்குத் தப்பும் இடங்களை அது வலுக்கட்டாயமாகக் கேள்விகளாக மாற்றுகிறது.

இரண்டாவது காரணம், மணல்வரைவுக் கட்டுரை வெளிவந்து 54 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் டீக்கனின் வரைவுகளை எடுத்துக்கொண்டார். ஓர் உருவத்தைக் கை எடுக்காமல், ஒரு கோட்டை இருமுறை தொடாமல் வரைய முடியுமா என்பது கணிதத்தில் பழைய கேள்வி. கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களை முன்வைத்து ஆய்லர் 1736இல் அதற்கு விடை கண்டார். ஒவ்வொரு சந்திப்பிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். ஒற்றைப்படைச் சந்திப்புகள் சரியாக இரண்டு இருந்தால் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் முடியாது. மாலெகுலாவின் வரைவுகளுள் பெரும்பாலானவை இந்த வரையறைக்குள் அமைந்தன என்பது ஆஷர் கண்டவற்றுள் ஒன்று. அது அவ்வளவு வியப்பானதன்று, விதியே அதுதானே!

வியப்பு அடுத்த படியில் இருக்கிறது. ஆய்லரின் விடை, வரைய முடியும் என்று மட்டுமே சொல்லும். வரையத்தக்க ஓர் உருவத்துக்கு எத்தனையோ வழிகள் இருக்கலாம். அவற்றுள் மாலெகுலாவின் விரல் தேர்ந்துகொண்ட வழி எது என்று எண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்த வழிக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு சிறு நகர்வைச் செய்துவிட்டு, அதையே கால் வட்டம் திருப்பியோ கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றியோ மறுபடி செய்து, அப்படிச் சேர்த்துச் சேர்த்து முழு உருவத்தையும் முடிக்கும் முறை பல வரைவுகளில் திரும்பத் திரும்ப வந்தது. வெவ்வேறாகத் தெரியும் வரைவுகள் சில, செய்முறையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் புலப்பட்டது. முடிந்த உருவத்தின் சமச்சீரைக் கண் காணும்; கை அந்தச் சமச்சீரை எப்படிக் கட்டியது என்பதை எண்கள்தான் சொல்லும். டீக்கன் உருவங்களை மட்டும் நகலெடுத்திருந்தால் இந்த ஆய்வு எழுதப்பட்டிருக்க வழியே இல்லை. தாம் எதற்காக எண் இடுகிறோம் என்பது அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்னால் வரும் கேள்விக்கும் இடம் விட்டு வைப்பதுதான் நல்ல பதிவின் இயல்பு.

அம்பிரிம்: ஆய்வை வரைந்தவர்கள் யார்?

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, டீக்கன் எதையும் வரையாத பகுதி. மாலெகுலாவுக்குக் கிழக்கே உள்ள அம்பிரிம் எரிமலைத் தீவில் அவர் சில வாரங்களே இருந்தார். அங்கே திருமண முறை சிக்கலானது என்று ரிவர்ஸ் காலத்திலிருந்தே ஐயம் இருந்துவந்தது. பாலப் பகுதிப் பெரியவர்களிடம் டீக்கன் அதைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் வாயால் சொல்வதோடு நிற்கவில்லை. ஒருவர் மூன்று கற்களை எடுத்துச் சம தூரத்தில் தரையில் வைத்தார். தரையில் கோடுகள் இழுக்கப்பட்டன. ஆண் எங்கிருந்து எங்கே போகிறான், பெண் எங்கே கொடுக்கப்படுகிறாள், பிள்ளை எந்த இடத்தில் நிற்கும் என்று அந்தக் கற்களையும் கோடுகளையும் வைத்தே விளக்கினார்கள்.

இதை வாசகரும் மேசைமேல் மூன்று புளியங்கொட்டைகளை வைத்துச் செய்து பார்க்கலாம். மூன்றும் மூன்று தந்தைவழிக் குடிகள். முதல் குடியில் தந்தை இரண்டாம் குடியில் பெண் எடுத்தால், மகன் மூன்றாம் குடியில் எடுக்க வேண்டும். பேரன் திரும்பவும் இரண்டாம் குடிக்கே வருவான். மற்ற இரு குடிகளுக்கும் இதே விதி. ஆக ஒவ்வொரு குடிக்குள்ளும் தாத்தாவும் பேரனும் ஒரு பக்கம், தந்தையும் மகனும் எதிரெதிர்ப் பக்கம் என இரண்டு பிரிவுகள், மொத்தம் 6. சொல்லிக்கொண்டே போனால் மூன்றாம் தலைமுறையில் கேட்பவருக்குத் தலை சுற்றிவிடும். கொட்டைகளை நகர்த்திக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

டீக்கன் இதைக் கண்டு திகைத்து, ஹாடனுக்கு எழுதினார். தங்கள் முறையை ஒன்றோடொன்று பிணைந்த ஓர் இயக்கமாக இவர்கள் கருதுகிறார்கள் என்பதிலும், அதைப் படமாகக் காட்ட வல்லவர்கள் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. அந்தப் படங்களை வைத்து உறவுகளைப் பற்றி அவர்கள் தருக்கம் செய்த விதம், விரிவுரை அரங்கில் கேட்கும் ஒரு நல்ல அறிவியல் விளக்கத்துக்குச் சமமானது என்றும் அவர் குறிப்பிட்டார். பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ரோஸ் பிற்காலத்தில் இந்த வரிகளை எடுத்தாண்டு, எழுத்தில்லாச் சமூகங்களின் சிந்தனை அருவமானதன்று என்ற கருத்தை மறுத்ததனால் அவை மானிடவியல் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவை. டீக்கனின் சொற்களில் அந்தக் காலத்து மேற்கத்தியரின் வியப்பு தொனிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. "இவர்களா!" என்ற வியப்பு அது. இருந்தாலும் அவர் நேர்மையாக எழுதிவைத்தார். திருமண முறையைப் பகுத்தாய்ந்தது தாம் என்று அவர் உரிமை கொண்டாடவில்லை.

கொடிவழிப் படத்தை ஆய்வாளரின் கருவி என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. தகவல் தருபவர் ஊரார், படம் போடுபவர் ஆய்வாளர் என்பது அதன் உள்ளுறை. அம்பிரிமில் அந்தப் பங்கீடு தலைகீழாக நின்றது. பகுப்பாய்வுப் படம் தரையில் ஏற்கெனவே இருந்தது. ஆய்வாளர் அதைத் தாளுக்கு மாற்றினார். பிற்காலத்தில் அம்பிரிமில் நெடுநாள் களப்பணி செய்த நார்வே நாட்டு மானிடவியலாளர் க்னூட் ரியோ, 2005இல் எழுதிய கட்டுரையில், அத்தீவின் மணல்வரைவை முன்னிறுத்தி இந்த விவாதத்தை மறுபடி தொடங்கியது அதனால்தான்.

காகிதத்தில் தங்காதவை

இவ்வளவு சொன்னபின் இந்த முறையின் குறைகளையும் இதே நிகழ்விலிருந்து காட்டாவிட்டால் இது ஆய்வாகாது, புகழுரையாகிவிடும்.

முதலாவது, காகிதம் அழிவதில்லை. மணல்வரைவு அழிவதற்காகப் போடப்படுவது. நஹலிலும் எலிக் கதையிலும் அழித்தல் என்பது வரைதலின் ஒரு படியே. அச்சில் ஏறிய உருவம் அந்தப் படியை ஒரு குறிப்பாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். விரல் ஓடும்போது வாயும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது; எந்தச் சொல்லின்போது விரல் எந்த வளைவில் இருந்தது என்பது எண்களில் வராது.

இரண்டாவது, அம்பிரிம் படம் தாளுக்கு வந்தபின் அதற்குத் தனி வாழ்வு உண்டாகிவிட்டது. அம்பிரிம் திருமண முறையைப் பற்றிய டீக்கனின் கட்டுரை 1927இல் வெளிவந்த நாளிலிருந்து, அந்த ஆறு பிரிவு முறை உண்மையிலேயே நடைமுறையில் இருந்ததா, அல்லது பெரியவர்கள் தங்கள் உறவுகளை ஒழுங்காகக் காட்டிய ஓர் உருமாதிரி மட்டும்தானா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. தரையில் கற்களை வைத்தவர் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு, ஒரு குறிப்பிட்ட மாலையில், எதிரே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு விடை சொன்னார். தாளில் அது எல்லாக் காலத்துக்கும் எல்லாருக்கும் உரிய அமைப்பாக நிமிர்ந்து நின்றது. படத்தின் வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். தெளிவாக இருப்பது உண்மையாகவும் இருக்கும் என்று நம் கண் எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

மூன்றாவது, எல்லா வரைவுகளும் எல்லார் கண்ணுக்கும் உரியவை அல்ல. சிலவற்றை யாரும் எங்கும் போடலாம். சில, ஆண்களின் சடங்குகளோடு பிணைந்தவை. 1934இல் அவை அனைத்தும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து அச்சாயின. 1980இல் விடுதலை பெற்ற வனுவாட்டில் இன்று மணல்வரைவு நாட்டின் பெருமைக்குரிய கலை. யுனெஸ்கோ 2003இல் அதை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து 2008இல் பட்டியலில் சேர்த்தது. மறைந்துகொண்டிருக்கும் மக்கள் என்று டீக்கனின் நூல் துணைத்தலைப்பில் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், எந்த வரைவைப் போட யாருக்கு உரிமை என்று இன்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

வாசலுக்கு வந்தால்

இதைப் படிக்கும் தமிழருக்கு இந்நேரம் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்திருக்கும். புள்ளி, புள்ளியைச் சுற்றும் இழை, தொடங்கிய இடத்துக்குத் திரும்புதல், வாசல். இந்த ஒப்புமை நம்முடைய கண்டுபிடிப்பன்று. மாலெகுலாவுக்கு அருகே உள்ள அச்சின் தீவில் 1914, 1915 ஆண்டுகளில் களப்பணி செய்த ஜான் லேயார்ட், 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகுத்தும் உருவங்களையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மாலெகுலாவின் மறுவுலகப் பாதைக்கும் நம் வாசலுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று அவர் கருதினார். அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை. பெருமைக்காக நாம் அதைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். இரண்டு இடங்களிலும் சிக்கலான இழை, தீய ஆவியையோ அறியாதவரையோ உள்ளே விடாமல் நிறுத்துகிறது என்ற ஒப்புமையை பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஆல்ஃபிரட் ஜெல் 1998இல் மறுபடி எடுத்துப் பேசினார். வரலாற்றைவிட அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒரு வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. மாலெகுலாவில் வரைபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நம் வாசலில் பெண்கள்.

கோலத்தை வரிசையோடு ஆராயும் வேலை நம் ஊரிலும் நடந்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கோலங்களுக்கான கணினி இலக்கணத்தை வகுத்தார். இழை எப்படி அடியெடுத்து வைக்கிறது என்பதை விதிகளாக எழுதியது அந்த முயற்சி.

என் சொந்த முயற்சி மிகச் சிறியது, தோல்வியில் தொடங்கியது. மார்கழி மாதம் ஒன்றில் மன்னார்குடியில் என் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, தெருவெல்லாம் அலைந்து கோலங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக் குவித்தேன். ஊர் திரும்பிப் பார்த்தால் ஒன்றிலாவது இழை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அடுத்த முறை குறிப்பேட்டோடு போய்ப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை, 6 புள்ளிகள் வைத்தார். இழை 7 இடங்களில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு ஒரே இழையாக முடிந்தது. அடுத்து மூன்று வரிசை, 9 புள்ளிகள். இதில் வெட்டும் இடங்கள் 12, ஆனால் இழை ஒன்றாக வராது. வெட்டும் இடத்தில் நேரே போவது என்ற அவர் வழக்கப்படி மூன்று தனி இழைகள் வேண்டும். ஆய்லரைப் படித்த கர்வத்தில் நான் அதையே சில வெட்டுமுனைகளில் திரும்பித் திரும்பி, கை எடுக்காமல் ஒரே கோடாகப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். முடிந்தபின் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதுமில்லை. பெரியம்மா மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கோலம் என்னமோ சரியாத்தான்டி வந்திருக்கு. ஆனா இது மூணு இழைக் கோலம். நீ எங்கெங்கயோ திரும்பிப் போயி ஒண்ணாக்கிட்டியே?"

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து வாசலுக்கு வந்திருந்தால் அவருக்கும் அது தெரிந்திருக்காது. அன்றைய பக்கத்தில் அந்த 9 புள்ளிக் கோலம் இரண்டு முறை இருக்கிறது. என்னுடையதில் கோட்டுத் துண்டுகளுக்கு 1 முதல் 24 வரை எண்கள் ஓடுகின்றன; பெரியம்மாவுடையதில் 1 முதல் 8 வரை, மூன்று முறை.